ரத்தம் கொடுப்பவரை வீரர் ஆக்க வேண்டாம், திரும்ப வரச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ரத்த தானம் பற்றி உங்கள் நாளிதழில் எப்போது கட்டுரை வந்தாலும் ‘ஒரு யூனிட் ரத்தம் மூன்று உயிர்களைக் காக்கும்’ என்ற வரி அதில் எங்காவது இடம்பிடித்துவிடுகிறது. பல வருடங்களாக விடாமல் ரத்தம் கொடுத்து வருகிறவன் நான். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். அது பொய் என்று சொல்ல வரவில்லை. கொடுத்த ரத்தத்தை மெஷினில் போட்டுச் சுழற்றி சிவப்பணு, ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட், தண்ணீர்ப் பகுதியான பிளாஸ்மா என்று பிரிக்கிறார்கள், அவை மூன்று பேருக்குப் போகலாம், அவ்வளவுதான் அந்தக் கணக்கு. ஆனால் ரத்தம் ஏற்றிக்கொள்பவரின் கட்டில் பக்கம் நின்று பார்த்தால் கணக்கே வேறு. பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காமல் போன ஒரு பெண்ணுக்கு ஒரே ராத்திரியில் பத்துப் பேரின் ரத்தம் தேவைப்படலாம். கீமோதெரபியில் இருக்கும் ஒரு பெரியவருக்கு ஒரு தடவை ஏற்றும் பிளேட்லெட்டைச் சாதாரண ரத்த தானத்திலிருந்து சேர்க்க வேண்டுமென்றால் நாலு முதல் ஆறு பேர் கொடுத்ததை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகை நோய் தீவிரமாக உள்ள ஒரு குழந்தைக்கு இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, வாழ்நாள் முழுக்க, யாரோ ஒருவரின் சிவப்பணு வேண்டும். ஒரே ஒரு உயிரைத் தாங்கிப் பிடிக்க முகம் தெரியாத பல பேர் முறைவைத்து வந்து போக வேண்டியிருக்கிறது என்பதுதான் நடைமுறை.

இதை ஏன் இவ்வளவு நீட்டி முழக்குகிறேன் என்றால், ‘மூன்று உயிர்’ என்ற கணக்கு ரத்தம் கொடுப்பவரை ஒரே நாளில் வீரர் ஆக்கிவிடுகிறது. வீரர் ஒருமுறை வருவார், சாதித்துவிட்டுப் போய்விடுவார். ரத்த வங்கிக்கு அவரால் பெரிய உபயோகம் இல்லை. அங்கே தேவைப்படுவது மூன்று நாலு மாதம் கழித்து எந்தப் பரபரப்பும் இல்லாமல் திரும்ப வந்து நிற்கும் ஆள். அந்த ஆளைப் பற்றி உங்கள் பக்கங்களில் நான் ஒரு வரி படித்ததாக ஞாபகம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் ரத்தத்தின் ஆயுளைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது. சிவப்பணுவை இரண்டிலிருந்து ஆறு டிகிரி குளிரில் வைத்தால், பையில் சேர்க்கும் திரவத்தைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோ தாங்கும். பிளாஸ்மாவை உறைய வைத்தால் ஒரு வருடம் வரை வைத்திருக்கலாம். பிளேட்லெட் இருக்கிறதே, அதுதான் பிடிவாதக்காரன். குளிர்பதனப் பெட்டியில் வைக்கக் கூடாது, இருபதிலிருந்து இருபத்துநாலு டிகிரிக்குள், மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்கும் தட்டில் வைக்க வேண்டும், அப்படி வைத்தாலும் பெரும்பாலான இடங்களில் ஐந்து நாள்தான். அதிலும் பரிசோதனை முடிவுகள் வருவதற்குள் ஒன்றிரண்டு நாள் ஓடிவிடும். ஆக, இன்று ஆயிரம் பேர் வரிசையில் நின்று கொடுத்தாலும் அடுத்த வாரம் பிளேட்லெட் தேவைப்படுகிறவருக்கு அதனால் ஒன்றும் இல்லை. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அமெரிக்காவில் மக்கள் மணிக்கணக்காக வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். காயத்தோடு பிழைத்து வந்து ரத்தம் தேவைப்பட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். சேர்ந்த ரத்தத்தில் பெரும் அளவு கெடு தாண்டி வீணானது. கொடுத்தவர்கள் மனசில் குறை இல்லை, பாவம், எல்லோரும் ஒரே நாளில் கொடுத்துவிட்டார்கள் என்பதுதான் சிக்கல். அன்றைக்குக் காயம்பட்டவர்களுக்கு ஏறிய ரத்தமும், யோசித்துப் பார்த்தால், அதற்கு முந்தைய நாட்களில் எந்தச் செய்தியும் இல்லாத நேரத்தில் யாரோ கொடுத்து வைத்ததாகத்தான் இருந்திருக்கும். விபத்து நடந்த பிறகு கொடுக்கும் ரத்தம் பரிசோதனை முடிந்து அலமாரிக்கு வருவதற்குள் அந்த விபத்தின் முதல் இரவு முடிந்துவிடும்.

ஜூன் 14 உலக ரத்தக் கொடையாளர் நாள். 2004-லிருந்து கொண்டாடுகிறார்கள், ரத்தப் பிரிவுகளைக் கண்டுபிடித்த கார்ல் லாண்ட்ஸ்டைனரின் பிறந்த நாள் அது. அவர் 1901-ல் எழுதிய ஆய்வும் 1930-ல் வாங்கிய நோபல் பரிசும் வருடம் தவறாமல் அச்சில் வருகின்றன, வரட்டும். என்னைக் கேட்டால் கூடவே இன்னொருவரையும் சொல்ல வேண்டும். பெர்சி ஆலிவர் என்று லண்டனில் ஒரு அரசு ஊழியர், செஞ்சிலுவைச் சங்கத்தில் தன்னார்வலர். 1921-ல் ஒரு மருத்துவமனையிலிருந்து அவசரமாக ரத்தம் கொடுக்க ஆள் கேட்டு அழைப்பு வந்தது, இவரும் கூட இருந்தவர்களும் போனார்கள், அவர்களில் ஒரு நர்ஸின் ரத்தம் பொருந்தியது. அதோடு விட்டிருந்தால் அது ஒரு நல்ல செய்தி, அவ்வளவுதான். ஆலிவர் திரும்பி வந்து, எப்போது கூப்பிட்டாலும் வரத் தயாராக இருப்பவர்களின் பெயர், ரத்தப் பிரிவு, எப்படித் தொடர்புகொள்வது என்று ஒரு பட்டியல் போட ஆரம்பித்தார். ரத்த வங்கி என்ற பெயரே 1937-ல் சிகாகோவில் பெர்னார்ட் ஃபான்டஸ் வைத்ததுதான், அதற்குப் பதினாறு வருடம் முன்னாலேயே இந்தப் பட்டியல் வந்துவிட்டது. குளிர்பதனம், மெஷின் எல்லாம் அப்புறம் வந்தவை. தயாராக இருக்கிற ஆட்களின் பட்டியல்தான் முதலில் வந்தது, இன்றைக்கும் ஒவ்வொரு ரத்த வங்கியின் சொத்து அதுதான்.

தொடர்ந்து கொடுப்பது எப்படி இருக்கும் என்று கேட்டால், பெரும்பாலும் சலிப்பாக இருக்கும் என்பதுதான் உண்மை. படிவம் நிரப்பு, எடை பார், பிபி பார், விரல் நுனியில் ஒரு குத்து. சில இடங்களில் அந்தச் சொட்டை நீல நிறத் திரவத்தில் விடுவார்கள். காப்பர் சல்பேட் கரைசல் அது. சொட்டு சில நொடிக்குள் மூழ்கினால் ஹீமோகுளோபின் போதுமான அளவு, மிதந்தாலோ மேலே ஏறி வந்தாலோ சந்தேகம். இத்தனை வருடமாகப் பார்த்தும் அந்தச் சொட்டு கீழே இறங்குகிறதா என்று எட்டிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை, பரீட்சை ரிசல்ட் மாதிரி. அப்புறம் கட்டில். டெக்னீஷியன் முழங்கை மடிப்பில் விரலால் தடவி நரம்பைத் தேடுவார். கைதேர்ந்தவர்கள் கண்ணால் தேட மாட்டார்கள், விரல் நுனியால் அழுத்தி அழுத்தி அது எழும்புகிறதா என்று பார்ப்பார்கள். கண்ணுக்கு நீலமாகத் தெரியும் நரம்பை விட, தெரியாமல் ஆழத்தில் இருந்து விரலில் தட்டுப்படும் நரம்புதான் பெரும்பாலும் நல்லதாம், ஒருவர் சொன்னார். ஊசி தடிமன்தான், மறைப்பதற்கில்லை. மெல்லிய ஊசியில் சிவப்பணுக்கள் நசுங்கிவிடும், ரத்தமும் மெதுவாக வந்து குழாயிலேயே உறைய ஆரம்பிக்கும். குத்தும் அந்த ஒரு கணம் வலிக்கும், பிறகு வலி இல்லை.

ஊசி ஏறிய பிறகு கவனிக்க ஒரு விஷயம் இருக்கிறது. குழாயை முன்கையின் மேல் வைத்து பிளாஸ்டர் ஒட்டுவார்கள். சில நொடியில் அந்தக் குழாய் தொட்டிருக்கும் கோடு மட்டும் வெதுவெதுப்பாக ஆகும். உடம்புக்குள் இருக்கும்போது நமக்குத் தெரியவே தெரியாத சூடு, வெளியே வந்து தோலில் பட்டதும் தெரிகிறது. கீழே பை ஒரு தட்டில் ஆடிக்கொண்டிருக்கும், பையில் ஏற்கெனவே இருக்கும் உறையாமல் தடுக்கும் திரவத்தோடு கலக்க வேண்டுமல்லவா. 350 மில்லியோ 450 மில்லியோ, எட்டு பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். முடிந்ததும் ஊசியை எடுத்துவிட்டு, பையோடு ஒட்டியிருக்கும் குழாயை ஒரு சின்னக் கருவியால் அங்கங்கே சூடுவைத்து ஒட்டி, விரல் நீளத் துண்டுகளாக ஆக்குவார்கள். ஒவ்வொரு துண்டிலும் பையின் எண் இருக்கும். பிறகு ஒரு நோயாளியின் ரத்தத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கும்போது பையைத் திறக்காமல் அந்தத் துண்டில் ஒன்றைத்தான் வெட்டி எடுப்பார்கள். பலர் எழுந்து ஜூஸ் குடிக்கப் போகும் அவசரத்தில் இதைப் பார்ப்பதே இல்லை.

பிளேட்லெட் கொடுப்பது வேறு அனுபவம். ரத்தம் மெஷினுக்குள் போய், பிளேட்லெட் மட்டும் எடுக்கப்பட்டு, மிச்சம் திரும்ப உங்களுக்கே வரும். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், கையை அசைக்க முடியாது, மூக்கு அரித்தால் பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும். திரும்பி வரும் ரத்தம் வெளியே போய் ஆறிவிட்டதால் கை ஜில்லென்று இருக்கும். உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட் உடம்பில் கால்சியத்தைக் கொஞ்ச நேரத்துக்குப் பிடித்து வைத்துக்கொள்வதால் உதடு துடிக்கும், எறும்பு ஊர்கிற மாதிரி, அப்போது சொன்னால் வேகத்தைக் குறைப்பார்கள் அல்லது கால்சியம் மாத்திரை கொடுப்பார்கள். சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பவர்களும் உண்டு, அது வீண் வேலை. நன்மை என்னவென்றால், நாலு முதல் ஆறு பேர் சேர்ந்து கொடுக்க வேண்டிய பிளேட்லெட்டை ஒருவரே கொடுத்துவிட முடிகிறது, சிவப்பணு உங்களிடமே திரும்பிவிடுவதால் மூன்று மாதம் காத்திருக்கவும் வேண்டாம். இப்படி ஒரு வழி இருப்பதே சாதாரணமாக ரத்தம் கொடுக்கும் பல பேருக்குத் தெரியாது. ஒரே ஒரு கட்டுரை எழுதுங்களேன்.

சரி, குறைக்கு வருகிறேன். ஒருமுறை வழக்கம்போலப் போனேன், விரலில் குத்திப் பார்த்துவிட்டு ‘ரிஜெக்ட்’ என்று படிவத்தில் எழுதி ஓரமாகத் தள்ளிவிட்டார்கள். எவ்வளவு குறைவு, ஏன் குறைந்திருக்கலாம், என்ன செய்ய வேண்டும், எப்போது திரும்ப வரலாம், ஒரு வார்த்தை இல்லை. எனக்குப் பின்னால் நின்ற இளம்பெண்ணுக்கும் அதே கதிதான், முதல் தடவை வந்திருந்தார், முகம் வாடிப் போய்விட்டது. அவர் இனிமேல் வருவாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். இது அந்த ஒரு இடத்தின் தவறு என்று சொல்லி முடித்துவிட முடியாது. கொடுப்பவரின் உடம்பைப் பற்றிப் பேசுவதை எல்லோருமே தவிர்க்கிறார்கள், பேசினால் ஆட்கள் பயந்துவிடுவார்கள் என்று நினைக்கிறார்கள். உங்கள் கட்டுரைகளும் ‘கொடுத்த ரத்தம் 24 மணி நேரத்தில் ஊறிவிடும்’ என்பதோடு நிறுத்திக்கொள்கின்றன.

24 மணி நேரத்தில், கூடிப்போனால் இரண்டு நாளில் ஊறுவது தண்ணீர்ப் பகுதி, அதாவது பிளாஸ்மா. சிவப்பணு பழைய அளவுக்கு வர நாலு முதல் ஆறு வாரம், சிலருக்கு இன்னும் அதிகம். இரும்புச்சத்து இருக்கிறதே, அதற்கு மாதங்கள் ஆகும். 450 மில்லி கொடுத்தால் உடம்பிலிருந்து சுமார் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு ஒரு நாளைக்கு உறிஞ்சிக்கொள்வது சாதாரணமாக ஒன்று இரண்டு மில்லிகிராம். கையிருப்பு குறைந்தால் உடம்பே கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சும், இருந்தாலும் கணக்கு உங்களுக்கே புரியும். ஹீமோகுளோபின் சரியாக இருந்துகொண்டே உள்ளே சேமிப்பு காலியாகிக்கொண்டிருக்கலாம். அந்தச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற பரிசோதனை, விரல் குத்தும் சோதனை அதைக் காட்டாது. காரணம் தெரியாத அசதி, மூச்சு வாங்குதல், ராத்திரியில் கால் சும்மா இருக்க முடியாமல் துடிப்பது, ஐஸ் கட்டியை மென்று தின்னத் தோன்றுவது, இதெல்லாம் இரும்பு குறைந்ததன் அறிகுறிகளாக இருக்கலாம். மாதவிடாய் உள்ள பெண்களுக்கும் சின்ன வயசுக்காரர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். பல நாடுகளில் ஆண்களை விடப் பெண்களுக்கு இடைவெளியை அதிகமாக வைத்திருப்பதற்கு இதுவும் காரணம். சில நாடுகளில் அடிக்கடி கொடுப்பவர்களுக்கு ஃபெரிட்டின் பார்க்கிறார்கள், இரும்பு மாத்திரையும் தருகிறார்கள். மற்ற இடங்களில் நாமேதான் டாக்டரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் இரும்பு உறிஞ்சுவது குறையும், வைட்டமின் சி சேர்ந்தால் கூடும். இதைச் சொன்னால் யாரும் ஓடிப்போக மாட்டார்கள். சொல்லாமல் விட்டால்தான், இரண்டு மூன்று வருடம் கொடுத்துவிட்டு ‘எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நிறுத்திக்கொள்வார்கள்.

மயக்கம் பற்றியும் இதே கதைதான். முதல் தடவை வருபவர்கள், வயசிலும் எடையிலும் குறைந்தவர்கள், சரியாகத் தூங்காதவர்கள், சாப்பிடாமல் வந்தவர்கள், இவர்களுக்குத்தான் அதிகம் வரும். ஊசிக்கு முன்னால் அரை லிட்டர் தண்ணீர் குடிப்பதும், படுத்திருக்கும்போது தொடையையும் வயிற்றையும் இறுக்கி இறுக்கி விடுவதும் நிஜமாகவே உதவும். முடிந்ததும் பத்து பதினைந்து நிமிடம் உட்காரச் சொல்வது பிஸ்கட் கொடுத்து உபசரிக்க அல்ல, எழுந்து போகும் வழியில் விழாமல் இருக்கத்தான். பழக்கப்பட்டவர்கள்தான் இதில் அலட்சியம் காட்டுவார்கள், ‘எனக்கு ஒன்றும் ஆகாது’ என்று பைக் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள்.

கேள்வித்தாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அதில் அந்தரங்கமான கேள்விகள் வரும். பலருக்குக் கோபம் வருகிறது, ‘எப்படியும் டெஸ்ட் பண்ணப்போகிறீர்கள், பிறகு எதற்கு இதெல்லாம்’ என்று. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ் எல்லாம் பரிசோதிக்கிறார்கள்தான். ஆனால் தொற்று உடம்பில் நுழைந்த முதல் சில நாட்களில், சில சோதனைகளுக்குச் சில வாரங்கள் வரைகூட, ஒன்றும் தெரியாது. அந்த இடைவெளியை அடைப்பது கொடுப்பவரின் நேர்மை ஒன்றுதான். தனக்கு ஏதாவது வந்திருக்குமோ என்று பயந்து, இலவசமாகச் சோதித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தில் ரத்தம் கொடுக்க வருபவர்கள் உண்டு. தயவுசெய்து இதை ஒரு முறை பெரிய எழுத்தில் போடுங்கள். சோதனை செய்துகொள்ள வேறு இடங்கள் இருக்கின்றன, ரத்த வங்கி அதற்கான இடம் இல்லை. அதேபோல, கொடுத்த பிறகு ஒன்றிரண்டு நாளில் காய்ச்சலோ வேறு ஏதாவதோ வந்தால் ரத்த வங்கிக்குப் போன் பண்ணிச் சொல்ல வேண்டும், அந்தப் பையை எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். நான் அப்படி ஒருமுறை சொன்னேன், மறுமுனையில் இருந்தவருக்கு நிம்மதி, நன்றி சொல்லிவிட்டு உடனே பை எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில்தான் தொடர்ந்து வருபவரின் மதிப்பு தெரியும். காசு வாங்காமல், யாருடைய நெருக்கடியும் இல்லாமல், தானாக அடிக்கடி வந்து கொடுப்பவர்களின் ரத்தம்தான் பாதுகாப்பானது என்று உலக சுகாதார நிறுவனம் திரும்பத் திரும்பச் சொல்கிறது. ஒவ்வொரு தடவையும் அவர் பரிசோதிக்கப்படுகிறார், பொய் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. சொந்தக்காரர் ஆபரேஷன் தியேட்டரில் இருக்க, ‘நீங்கள் கொடுத்தால்தான் ரத்தம் தருவோம்’ என்று நிறுத்தப்பட்டவரின் நிலைமை அப்படியா? தனக்கு இருக்கும் ஒரு விஷயத்தை அவர் குடும்பத்தார் முன்னால் எப்படிச் சொல்வார்? மறைக்கத்தான் பார்ப்பார், அதற்காக அவரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை. உலகம் முழுக்க வருடத்துக்குச் சுமார் 11 கோடியே 85 லட்சம் தடவை ரத்தம் கொடுக்கப்படுகிறது, அதில் 40 சதவீதம் உலக மக்கள்தொகையில் 16 சதவீதம் பேர் மட்டும் வாழும் பணக்கார நாடுகளில் சேர்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மற்ற பல நாடுகளில் பாரம் இன்னும் நோயாளியின் குடும்பத்தின் தலையில்தான் இருக்கிறது.

சொந்தக்காரர் என்றதும் இன்னொன்று. ‘வெளியாள் ரத்தம் வேண்டாம், அண்ணனோ தம்பியோ கொடுக்கட்டும்’ என்று பிடிவாதம் பிடிப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அபூர்வமாக ஆனாலும், நெருங்கிய ரத்த சொந்தத்தின் ரத்தத்தில் ஒரு தனி ஆபத்து உண்டு. அதில் உள்ள வெள்ளையணுக்களை நோயாளியின் உடம்பு அந்நியமாக அடையாளம் காணாமல் விட்டுவிட்டால், அவை அங்கேயே பெருகி அவரைத் தாக்க ஆரம்பிக்கும், பெரும்பாலும் உயிர் போய்விடும். அதனால் அப்படிப்பட்ட ரத்தத்தைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்திவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். முகம் தெரியாதவர் கொடுத்து, பரிசோதனை முடிந்து அலமாரியில் தயாராக இருக்கும் ரத்தம்தான் எந்த விதத்திலும் நல்லது. அதேபோல ஏபி குரூப்காரர்களை ‘உங்கள் ரத்தம் ஏபிக்கு மட்டும்தான் ஆகும்’ என்று அலட்சியமாகப் பேசுவதையும் நிறுத்தலாம். அவர்களின் சிவப்பணுவுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. பிளாஸ்மா என்று வந்தால் எல்லா குரூப்பாருக்கும் கொடுக்கலாம், ஓ குரூப் சிவப்பணுவுக்கு இருக்கும் மரியாதை ஏபி பிளாஸ்மாவுக்கும் உண்டு.

வாட்ஸ்அப்பைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கடிதம் முடியாது. ‘அவசரம், பி நெகட்டிவ் உடனே தேவை, சிறுவன் உயிருக்குப் போராட்டம், பகிரவும்’ என்று வரும். தேதி இருக்காது. எந்த மருத்துவமனை என்று இருக்காது, இருந்தாலும் எந்த ஊர் என்று இருக்காது. போன் பண்ணினால் மறுமுனையில் ஒருவர் களைத்துப்போன குரலில் ‘அது போன வருடம் சார்’ என்பார். ஒருமுறை ஒரு அம்மா அழுதேவிட்டார், அந்தப் பிள்ளை இப்போது இல்லையாம், போன் மட்டும் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. நல்லது செய்வதாக நினைத்து அதைத் தட்டிவிட்டவர்கள் எத்தனை பேரோ. தேதியும் இடமும் இல்லாத கோரிக்கையைப் பகிராதீர்கள், தேவை முடிந்ததும் முடிந்தது என்று ஒரு செய்தி போடுங்கள் என்பதை உங்களைப் போன்ற ஒரு நாளிதழ் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள். என் மாதிரி ஆள் குடும்ப குரூப்பில் சொன்னால் ‘உனக்கு மனிதாபிமானமே இல்லையா’ என்றுதான் பதில் வருகிறது.

ஜேம்ஸ் ஹாரிசன் என்ற ஆஸ்திரேலியர் 2025-ல் இறந்தபோது ‘24 லட்சம் குழந்தைகளைக் காத்த பொன்கை மனிதர்’ என்று உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அவர் ரத்தத்தில் இருந்த ஒருவகை ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்புப் புரதத்தை, வைத்து ஆன்டி-டி என்ற மருந்து தயாரித்தார்கள். ஆர்எச் நெகட்டிவ் தாயின் வயிற்றில் பாசிட்டிவ் குழந்தை இருந்தால், தாயின் உடம்பு அந்தக் குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் திரும்பாமல் தடுக்கும் மருந்து அது. சரிதான், பெரிய விஷயம்தான். ஆனால் எனக்கு அந்தச் செய்தியில் பிடித்தது வேறு. 1954-லிருந்து 2018 வரை, 1,173 முறை கொடுத்திருக்கிறார், ஊசி குத்துவதை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை, பார்க்கப் பயம், முகத்தைத் திருப்பிக்கொள்வார். பதினாலு வயசில் நெஞ்சில் பெரிய ஆபரேஷன் நடந்தபோது முகம் தெரியாதவர்கள் கொடுத்த ரத்தத்தில் பிழைத்தவர், பதினெட்டு வயசு ஆனதும் கொடுக்க ஆரம்பித்தார், 81 வயசில் விதிப்படி போதும் என்று சொல்லும் வரை நிறுத்தவில்லை. ஆன்டிபாடி எல்லோருக்கும் வாய்க்காது. ஊசிக்குப் பயந்துகொண்டே அறுபது வருடத்துக்கு மேல் போய் வந்தார் பாருங்கள், தலைப்பில் அதைப் போட்டிருக்கலாம்.

பரிசு, சான்றிதழ், மேடையில் பொன்னாடை இதெல்லாம் எங்களில் பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. ஸ்வீடனில் நாம் கொடுத்த ரத்தம் ஒரு நோயாளிக்கு ஏற்றப்பட்டதும் நம் போனுக்கு ஒரு குறுஞ்செய்தி வருகிறதாம், யாருக்கு என்று இருக்காது, பயன்பட்டது என்று மட்டும். ஒரு பைசா செலவில்லாத வேலை. அதோடு ‘உங்கள் அடுத்த தேதி இது’ என்று ஒரு வரி சேர்த்தால் போதும், பாதிப் பேர் திரும்பி வருவார்கள் என்பது என் நம்பிக்கை. ரத்த வங்கிகள் செய்யும் வரை நீங்கள் செய்யலாம். ஜூன் சிறப்புப் பக்கத்தைப் பார்த்து முதல் முறை ரத்தம் கொடுத்தவருக்குப் பெரும்பாலான விதிகளின்படி செப்டம்பரிலோ அக்டோபரிலோ திரும்பக் கொடுக்கும் நேரம் வந்துவிடும். அந்த மாதத்தில் உங்கள் நாளிதழில் ரத்தம் பற்றி ஒரு எழுத்தும் வருவதில்லை. ஒரு மூலையில் சின்னக் கட்டம் கட்டி, ‘ஜூனில் கொடுத்தீர்களா, மறுபடி கொடுக்கலாம்’ என்று போட்டால் என்ன? பெரிய விடுமுறைகள், பரீட்சைக் காலம் என்று கொடுப்பவர் வரத்து குறையும் வாரங்களில் இன்னொன்று. இடம் இல்லை என்று சொல்லிவிடாதீர்கள், ராசிபலனுக்கு இடம் இருக்கிறது.

கடைசியாக, உங்கள் புகைப்படக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். முகாமுக்கு வரும் பிரமுகர் கட்டில் பக்கம் நின்று கொடுப்பவரோடு கைகுலுக்குவது போல ஒரு படம் எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. எடுக்கட்டும். ஊசி ஏறியிருக்கும் கையைத் தூக்கச் சொல்லாமல் மற்றக் கையைக் கேட்டால் போதும்.

இப்படிக்கு,
தொடர்ந்து ரத்தம் கொடுத்துவரும் உங்கள் வாசகன்